சகுனத்துக்கு ஒதுங்கி நின்ற வேட்பாளர்

ராமாத்தாள் அம்மா போய்விட்டார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காங்கேயம் பேருந்து நிலையத்துச் சுவர்தான் சொன்னது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் மூலையில் தபால்தலை அளவுக்கு அவர் முகம். மீதி இடமெல்லாம் கும்பிட்ட கையோடு கட்சிக்காரர்கள். அட, செத்தது யார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! கொடுமுடிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். எதிர்க்கட்சிக்காரி, ஒன்றியக் கூட்டத்தில் அவரோடு ஓயாமல் மல்லுக்கு நின்றவள். பழக்கவழக்கம் எதுவும் மாறக்கூடாது என்று பேசுகிற பண்ணையக்காரர்களின் கட்சி அவருடையது. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, மஞ்சளையும் கரும்பையும் தனியாகப் பார்த்துக்கொண்டே அந்த மேடையில் ஏறினார். அவருக்கு முன் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அங்கே ஏறியதில்லை. ஏறிப் பேசியதென்னவோ, பெண்பிள்ளை அடங்கி இருக்க வேண்டும் என்றுதான்! "அதைச் சொல்ல நீங்க எதுக்குங்க வெளிய வந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வேற யாராச்சும் சொன்னா நீங்க கேட்டுப்போடுவீங்களா அம்மணி?" என்று சிரித்தார்.

தொண்ணூறுகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவர் ஒன்றியத் தலைவரானார். முதல் கூட்டத்திலேயே ஒரு கூத்து. நான் உட்பட ஜெயித்த பெண்களெல்லாம் வராந்தாவில் நிற்க, அவர்களுடைய வீட்டுக்காரர்கள் உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். ராமாத்தாள் அம்மா உட்காரவே இல்லை. "ஏனுங்க, ஊட்டுல உங்க பேச்சை அவங்க கேட்கட்டும். இங்க ஓட்டு வாங்குனது அவங்க. எந்திரிங்க" என்றார். சமத்துவம் பேசுகிற எங்கள் கட்சியின் கிளைச் செயலாளரான என் வீட்டுக்காரரும் எழுந்து வெளியே போனார்.

அவருக்கு ஒரே ஆசை. சட்டமன்றத்தில் எழுந்து நின்று ஒரு நாள் பேச வேண்டும். வெகுகாலம் காக்கவைத்துத்தான் கட்சி அவருக்கு இடம் கொடுத்தது. பிரசாரம் தொடங்குகிற காலையில் நான் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கொடுமுடிக்கு வெளியே ஒரு நிறுத்தத்தில், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் அவர் மட்டும் நின்றிருந்தார். ஒரு தொண்டன்கூட இல்லை. மனசு கேட்காமல் இறங்கிவிட்டேன்.

"கோயில்ல பூசை போட்டு வண்டி கெளம்புது. சுமங்கலிங்க ஆரத்தி எடுக்கிறாங்க. அந்த நேரத்துல நான் எதுக்க நின்னா நல்லாயிருக்காதுன்னு, முன்னாடியே இங்க வந்து நிக்கச் சொன்னாங்க" என்றார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

"ஓட்டு கேட்கிறதே உங்களுக்குத்தானுங்களே! நீங்க ஒரு வார்த்தை கேட்கக்கூடாதுங்களா?"

"பழக்கம் மாறக்கூடாதுன்னு ஊரு ஊராப் பேசுனவ நானு. எனக்குன்னு வந்தா மட்டும் மாத்துங்கன்னு கேட்கிறதுங்களா?"

"கேளுங்க! கேட்டாத்தானுங்க மாறும்!"

"நீங்க கேளுங்க அம்மணி. நீங்க கேட்டாப் பொருந்தும்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "நானும் அதை நம்பறவதானுங்க. என்னால வண்டிக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாரை தப்பட்டையோடு வண்டி வந்தது. ஏறிக்கொண்டு ஊரைப் பார்த்துக் கும்பிட்டபடி போனார்.

தோற்றுப்போனார். ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்சிக்காரர்களுக்கென்று அண்டா நிறையச் சோறு ஆக்கி வைத்திருந்தார்; வாசலில் ஒரு செருப்பு இல்லை. "சாப்பிட்டுப்போட்டுப் போங்க, வீணாப்போகுது" என்றார். எதிர்க்கட்சிக்காரியும் தோற்ற வேட்பாளரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தத் தொகுதியைக் கட்சி அப்புறம் அவர் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிட்டது. அவருக்காகவும் இவர் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்.

இழவு வீட்டில் நல்ல கூட்டம். உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தார்களோ! மாலைகள் குவிந்து கிடந்தன. நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் நின்றபோது எனக்குத் தாளவில்லை. பையில் கோயில் குங்குமம் இருந்தது. ஒரு பொட்டு வைத்துவிட்டால் என்ன, எவன் என்ன சொல்லிவிடுவான் என்று விரலில் தொட்டும்விட்டேன். ஊரே பார்த்தது. ஊருக்கு நான் பயப்படவில்லை. அவர் சம்மதித்திருக்க மாட்டார். வாய் இருந்தபோது ஜெயிக்க முடியாத சண்டையை, அவர் பேச முடியாத நேரத்தில் ஜெயிப்பதா? விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது சரி என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ராமாத்தாள் அம்மா எனக்கு விட்டுப்போனது அந்தக் கோபம் ஒன்றுதான். அதைக் கட்டிக்காத்து வைத்திருக்கிறேன். மல்லுக்கு நிற்கத்தான் எதிரே ஆளில்லை.