புஷ்பம் கொண்டுவந்த ரசம்

மார்பில் ஆபரேஷன் முடிந்து, தலவாக்கலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்குத் திரும்பினேன். இடது பக்கம், அக்குளிலும் வெட்டியிருந்தார்கள். "அந்தக் கையில எதையும் இறுக்கிப் போடாதீங்க" என்று நர்ஸ் சொன்னதால் வளையல்களைக் கழற்றிவிட்டேன்.

மறுநாளே பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் புஷ்பம் ரசத்தோடு வந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலியில் என்னோடு சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேசாமலிருந்தவள். இப்போது மட்டும் எதற்கு ரசம்? அவள் போனதும் கொட்டிவிட்டேன். அவள் கண் படக்கூடாதென்று பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்த கயிறும் கட்டிக்கொண்டேன்.

சில நாட்களில் இடது கை வீங்கியது. "பாத்தீங்களா, அவ கண்ணு வச்சுட்டா!" என்றேன் கணவரிடம்.

அடுத்த முறை வந்த புஷ்பம், என் ஸ்வெட்டர் கையை ஏற்றிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, கயிறு சதைக்குள்ள பதிஞ்சிருக்கே!"

"சாமிக் கயிறு, தொடாத!" என்று கத்தினேன். அதற்குள் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள்.

பெண்களுக்கு இடது கையில்தானே கட்டுவார்கள்? சாமிக் கயிற்றை இறுக்கம் என்று யார் நினைப்பார்கள்? அன்றே கிளினிக்குக்குப் போனோம். "இன்னும் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும்" என்றார் டாக்டர்.

இப்போது இடது கையில் ஊசிகூடப் போட விடுவதில்லை. கயிறு கட்டினால் வலது கையில், அதுவும் தளர்வாக. பூசாரிக்கு அது பிடிக்கவில்லை. புஷ்பத்தின் ரசத்தையும் குடிக்கிறேன். உப்பை மட்டும் வேண்டுமென்றேதான் கூடப் போடுகிறாளோ என்று இன்னும் சந்தேகம்.