சத்தம் நின்ற வியாழக்கிழமை

இரண்டாம் உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முந்தி நான் நாமக்கல்லில் சர்க்கார் மாட்டு டாக்டராக இருந்தேன். சுற்றுப்பயணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். சூரமங்கலத்தில் ரயில்வே வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் வாங்கியது. வண்டியைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சொந்த ஊருக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மைலில் அசல் காரணம் தெரிந்தது.

எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஓயாமல் குலுக்குவது மாதிரி. வேகமாகப் போனால் கொஞ்சம் அடங்கும். ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்தேனோ இல்லையோ, ஊரையே கூட்டிவிடும். எங்கே மரியாதையாகப் போய் இறங்க வேண்டுமோ அங்கே பார்த்து மானத்தை வாங்கும். இரண்டே மாதத்தில் எருமப்பட்டி வட்டாரம் முழுக்க எனக்கு ‘கிலுகிலுப்பை டாக்டர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. மதராஸில் கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய பட்டத்தை ஒருத்தரும் சீந்தவில்லை.

சேலத்திலிருந்து தணிக்கைக்கு வந்த மேலதிகாரி ஒருநாள் நான் வந்து இறங்குவதைப் பார்த்தார். சுற்றிலும் இருபது குடியானவர்கள் நின்றிருந்தார்கள். வண்டியில் வந்தீர்களா, தையல் மிஷினில் வந்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே வண்டியைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு நீளச் சங்கிலி. கீழே எஞ்சின் அச்சிலிருந்து மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் வரைக்கும் ஓடுகிறது. அது தொய்யாமல் இருப்பதற்காக, வில்லாக வளைந்த எஃகுப் பட்டை ஒன்று பக்கத்திலிருந்து அதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். டென்ஷனர் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. என் வண்டியின் டென்ஷனரில் வளைவே இல்லை. வயிறு ஒட்டிப்போய்ப் படுத்திருந்தது. சங்கிலி உரசி உரசி அதில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் பாதி நகம் உள்ளே போயிற்று. தொய்ந்த சங்கிலி மூடியின் உள்பக்கத்தையும் அடித்து அடித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தது. புதுசுக்கு மதராஸுக்கு எழுதிப் போட்டேன். பார்சல் வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

அந்த ஒன்றரை மாதத்தின் கடைசியில்தான் ஓர் அம்மாளின் எருதைப் பார்த்தேன்.

எருமப்பட்டிக்குப் போகிற வழியில், ரோட்டிலிருந்து கால் மைல் உள்ளே அவளுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அந்தப் பக்கத்துப் பேச்சில் காடு. புருஷன் இல்லை. ஒரு ஜோடி எருது, அதுதான் அவளுடைய குடித்தனம். அதில் ஒன்றுக்கு நுகத்தடி உரசிக் கழுத்தில் சீழ்க்கட்டி வந்திருந்தது. ஓடைப் பாலத்தில் என்னை நிறுத்தி, ஆடி மழைக்குள் உழுதாக வேண்டும், ஏர் பூட்ட முடியுமா என்று கேட்டாள். நான் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தேன். குழிக்குள் மருந்துத் துணியைத் திரியாக்கித் திணித்தேன். உத்தியோகக் குரலில் ஓர் உத்தரவும் போட்டேன்: அடுத்த வியாழக்கிழமை நான்தான் வந்து திரியை எடுப்பேன், அதுவரை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, நாட்டு வைத்தியம் ஒன்றும் செய்யக் கூடாது, செய்தால் நான் பொறுப்பில்லை. எந்நேரத்துக்கு வருவீர்கள் என்றாள். நேரம் சொல்ல முடியாது என்றேன். நேரம் சொல்லாமல் இருப்பது அந்தக் காலத்தில் உத்தியோகத்துக்கு ஓர் அழகு.

அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். “பரவால்லீங்க. நம்ம வண்டிச் சத்தம் காட்டுக்குள்ள வரைக்கும் கேக்குமுங்க. கேட்டதும் எருதப் புடிச்சுக்கிட்டுப் பாலத்துக்கு வந்தர்றேனுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. புருஷனில்லாத ஒரு குடியானவப் பெண்பிள்ளைகூட என் வண்டியைக் குத்திக் காட்டுகிறாள் என்றுதான் என் மூளைக்கு எட்டியது.

சனிக்கிழமை பார்சல் வந்தது. ஞாயிறு காலையில் வண்டியைக் கொல்லையில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். மாட்டு வயிற்றுக்குள் தோள் வரைக்கும் கை விட்டுக் கன்று எடுத்தவனுக்கு இது ஒரு வேலையா என்ற எண்ணம். சங்கிலியும் பல்சக்கரமும் எந்தக் கண்ணியில் பொருந்தியிருக்கின்றன என்று அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது புத்தகம். சுண்ணாம்பால் பொட்டு வைத்தேன். பிறகு, எனக்குத்தான் சுத்தம் அதிகமாயிற்றே, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறேன் என்று பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். ஒரு நட்டு எஞ்சினுக்குள் விழுந்தது. கன்றுக்குட்டி தொண்டையில் சிக்கிய மாங்கொட்டையை எடுக்கிற இடுக்கியால் அரைமணி நேரம் துழாவி எடுத்தேன். புதுப் பட்டைக்கோ வளைவு அதிகம், நேராக நுழையாது. கையால் அழுத்தி வைத்தால் நழுவி வந்து நெற்றியில் அடித்தது. கடைசியில் புண் தைக்கிற பட்டு நூலால் அதை அழுத்திக் கட்டி, இடத்தில் உட்காரவைத்து, கத்திரியால் நூலை அறுத்தேன். டக்கென்று விரிந்து சங்கிலியை அணைத்துக்கொண்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு உலகத்தில் எதிரியே இல்லை.

உதைத்துக் கிளப்பியபோது எஞ்சின் திருப்பி உதைத்தது. துடைத்த பொட்டின் பலன். முழங்காலுக்குக் கீழே தேங்காய் அளவு வீங்கிவிட்டது. சக்கரத்தை இரண்டு பல் தள்ளி மறுபடி மாட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. தெருவில் நான் நொண்டுவதைப் பார்த்துக் கேட்டவர்களிடம் எருமை உதைத்துவிட்டது என்று சொன்னேன். மாட்டு டாக்டரை எருமை உதைத்தால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை எருமப்பட்டி ரோட்டில் போனேன். என்ன சுகம்! பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல் மெல்லிய ஓசை, அவ்வளவுதான். ரோட்டோரத்துக் கோழி நகர மறந்து நின்றது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. கூட்டிப் பார்த்தேன், இல்லை. காதை எஞ்சினிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓடைப் பாலம் வந்தது. பாலத்தில் யாரும் இல்லை.

அவள் நினைவு வராமல் இல்லை. வந்தது. புண் ஆறியிருக்கும், ஆறிவிட்டால் டாக்டரை யார் நினைக்கிறார்கள் என்று ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது. இறங்கிக் கால் மைல் நடக்கலாம். கால் வேறு வீங்கியிருந்தது. அதைவிட, அவ்வளவு அழகாக ஓடுகிற எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை. போய்விட்டேன்.

அடுத்த வியாழன் பாலத்தில் அவள் எருதோடு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. பாலத்துக்கு இறங்குகிற சரிவில், பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு போய் நின்றேன். எருது தலையை நிமிர்த்தி நின்றது. இறங்கினதும் நேராக அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, தழும்பு இல்லை, ஒரு மயிர்கூட உதிரவில்லை. இவ்வளவு சுத்தமாக ஆறினதை நான் பார்த்ததில்லை, கீறின இடமே தெரியவில்லையே, எல்லாம் நேரத்துக்குக் கீறினதால்தான் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். முடிகிற வரைக்கும் அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இது சோடி எருதுங்க,” என்றாள். “அது முந்தாநேத்து செத்துப் போச்சுங்க.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வியாழன் விடிந்ததிலிருந்து காதை ரோட்டுப் பக்கமே வைத்திருந்தாளாம். வெள்ளிக்கிழமையே புண் நாற ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் திரியைப் பிடுங்கிவிட்டு வேப்பெண்ணெய் ஊற்றலாம் என்றார். டாக்டர் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று இவள் விடவில்லை. இந்த எருதுக்கும் அந்த நோய் தொற்றுமா என்று கேட்கத்தான் காலையிலிருந்து பாலத்தில் நிற்கிறாள்.

தொற்றாது என்றேன்.

“போன வாரம் வண்டி ரிப்பேருங்களா?” என்று கேட்டாள்.

பத்து நாளைக்கு முன்னால் எருமையைச் சொன்ன அதே வாய்தான். “ஆமாம்மா, ரிப்பேர்,” என்றது.

“அதானுங்க சத்தத்தக் காணோம். இந்த வண்டிய வெச்சுக்கிட்டு நீங்களும் எத்தன பாடு படறீங்க, சாமி.”

அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். வைதிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன். வண்டியைக் கிளப்ப வேண்டும். கிளப்பினால் அந்தப் பட்டு ஓசை அவள் காதில் விழும். அதை அவள் முன்னால் கேட்க எனக்குத் துணிவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக் காலோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் போய்விட்டால் போதும்.

பத்து அடி போயிருப்பேன். வண்டி திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தேன். அவள் எருதைப் பாலத்துக் கல்லில் கட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.