ஏற்றத்தில் இழுக்காத வண்டி

பையன்கள் காருக்குச் செய்யும் வேலையை நாற்பத்து நான்கு வயதில் நான் செய்யக் கிளம்பினேன். ஃபோனைத் திறந்தால் வீடியோ வீடியோவாகக் கொட்டியது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள் என்றான் ஒருவன். சைலன்சர்தான் முதலில் என்றான் இன்னொருவன். இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றினால் வண்டி பறக்கும், அதற்கு ரீமேப் என்று பெயர் என்றான் மூன்றாமவன். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொன்னவனை மட்டும் உடனே தள்ளிவிட்டேன். எங்கள் பக்கத்து வேகத்தடைகளை அவன் பார்த்ததில்லை. சைலன்சரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கணக்கு டீச்சர் உறுமிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தால் ஹெட்மாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

எனக்குப் பறக்கவெல்லாம் ஆசையில்லை. அக்கா மறுபடி என் காரில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தர்மபுரியில் எங்கள் இருவர் வீடும் ஒரே தெருவில். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் டீச்சர், பென்னாகரத்திலேயே இன்னொரு பள்ளியில் அவள் ஆபீஸ் உதவியாளர். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் அவள் இடுப்பில் வளர்ந்தவர்கள். ஆறு வருடமாகக் காலையும் மாலையும் ஒன்றாகத்தான் போய்வந்தோம். வீட்டில் பேச முடியாததையெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பேசுவோம். எங்கள் வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் அதில் பாதி.

மார்ச் மாதம் ஒரு காலையில் அது கெட்டது. அக்காவுக்கு மாதவிலக்கு நிற்கும் வயது, நினைத்த நேரத்தில் வியர்க்கும். எட்டரை மணிக்கே முகம் நனைந்து, "ஏசி போடுடி, வேவுது" என்றாள். போட்டேன். வழியில் ஒரு ஏற்றம். முன்னால் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்திவிடலாம் என்று வலப்பக்கம் ஏறினேன். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி நகர மாட்டேன் என்றது. எதிரே மேட்டின் மேல் ஒரு பஸ் லைட்டைப் போட்டபடி இறங்கியது. பிரேக்கை மிதித்து டிராக்டருக்குப் பின்னாலேயே வந்து ஒண்டினேன். பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. ஓரமாக நிறுத்தினேன். அந்தப் பயத்தில் அக்கா மேல் பாய்ந்தேன்.

"ஏசி போட்டா இந்த வண்டி இழுக்காதுன்னு உனக்கு எத்தன தடவ சொல்றது?"

அவள் கையை நீட்டி ஏசியை அணைத்தாள். மறுநாள் காலை வாசலுக்கு வந்தவள், "எதுக்கு வீணா பெட்ரோலு? ஓசி பஸ்ஸு வருதுல்ல, நான் அதுலயே போய்க்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு இருந்தது. விருந்தாளியிடம் சிரிக்கிற மாதிரி. கோபமாக இருந்தால் திட்டுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருந்தது.

வண்டியைச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜூலையில் ஒரு சனிக்கிழமை பைபாஸ் பக்கம் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முப்பது வயது இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. "பையனுக்குங்களா மேடம்?" என்றார்.

"எனக்குத்தாங்க. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. ரீமேப் பண்ணிக் குடுங்க."

சட்டென்று பில் போடுகிற ஆள் இல்லை அவர். முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அதே ஏற்றத்துக்குக் கூட்டிப் போனேன். ஏசியைப் போட்டு, கியரை மூன்றுக்கு இறக்கி மிதித்தார். வண்டி முக்காமல் முனகாமல் மேலே போய் நின்றது.

"நல்லாத்தானுங்களே ஏறுது. நீங்க அன்னிக்கு எந்த கியர்ல இருந்தீங்க?"

"மூணுலதான்" என்றேன்.

அவர் யோசித்தார். "மூணுல இருந்தும் அன்னிக்கு இழுக்கலன்னா கிளட்ச் அப்பப்ப வழுக்குதோ என்னமோ. கியர்பாக்ஸ எறக்கிப் பாக்கணுங்க. ரெண்டு நாளு ஆவும்."

ஒரு பொய்யைக் காப்பாற்ற நல்ல வண்டியின் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். "நாலுல இருந்தேங்க" என்றேன்.

"நாலுன்னா ஏத்தத்துல எந்தச் சின்ன வண்டியும் இழுக்காதுங்க" என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார். ஆனால் அது எனக்கு அன்றைக்கே தெரியும். டிராக்டருக்குப் பின்னால் வந்து ஒண்டியபோதே கை கியரில்தான் இருந்தது, அது நான்கில் இருந்தது. தெரிந்தும் வாய் ஏசியைச் சொன்னது. அவ்வளவு கேவலமான வாய் எனக்கு.

ரீமேப் வேண்டாம் என்று அவரே சொன்னார். டயர்களில் வெடிப்பு விழுந்திருந்தது, முன்பக்க பிரேக் பேடு தேய்ந்திருந்தது. "ஓடறது அப்புறம் மேடம், மொதல்ல நிக்கட்டும்" என்றார். நான்கு டயரும் பேடும் மாற்றினோம். ஏர் ஃபில்டரை மட்டும் அவர் தேவையில்லை என்றபோதும் நான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன். அக்காவிடம் காட்ட ஏதாவது வேண்டுமே. உண்மையைச் சொல்லுமளவுக்கு நான் இன்னும் திருந்தியிருக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், "புது பார்ட்டெல்லாம் போட்டாச்சு, இனிமே ஏசி போட்டாலும் பிச்சிக்கிட்டுப் போவும். நாளைக்கு நீ வர்ற" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். சரி என்றாள்.

திங்கட்கிழமை முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஈரத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாள். நானே ஏசியைப் போட்டேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. புது டயரின் சத்தம் பற்றி ஏதோ பேசிக்கொண்டு போனோம். ஏற்றம் கண்ணில் பட்டதும் அவள் கை தானாக நீண்டு ஏசியை அணைத்தது. துண்டை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதான் சரி பண்ணிட்டேன்னு சொன்னேன்ல?"

"இருக்கட்டும்டி. மறுபடியும் என்னால எதுவும் ஆவ வேணாம்."

அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. ஏற்றத்துக்கு முன்பே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். "அக்கா, அன்னிக்கு ஏசி காரணமில்ல. நான் நாலாவது கியர்ல இருந்தேன். மூணுக்கு எறக்க மறந்துட்டேன். தப்பு என்னுது. தெரிஞ்சேதான் உம்மேல போட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"அன்னிக்கு ராத்திரி உம்புள்ள சோறு கேட்டு எங்கிட்ட வந்தான். அவம் மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. எனக்கு வேர்க்குதுன்னு அவங்க ஆத்தாவக் கொல்லப் பாத்தேனேன்னு ரூம்புக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன். அப்பறம் அவன் எப்ப வந்தாலும் அதே நெனப்புதான். நாலு மாசம்டி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவள் என் காரில் ஏறாமல் இருப்பதை மட்டும்தான். என் பிள்ளைகளையும் அவள் தள்ளியே வைத்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. பெரியம்மா இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை என்று சின்னவன் சொன்னபோதுகூட, அவளுக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்று நானே பதில் சொல்லியிருந்தேன்.

மன்னிச்சிடு என்றேன். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை, "வண்டிய எடு, நேரமாச்சு" என்றாள். எடுத்தேன். மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறினோம். பென்னாகரம் வரும்வரை அக்கா அழுதுகொண்டே வந்தாள். நானும்தான்.