ஆட்டம் இருக்கா?

அம்மா எதைத் தொட்டாலும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள். நாற்காலியின் கால், குக்கரின் கைப்பிடி, பேருந்தில் பிடித்து நிற்கும் கம்பி. ஆடினால், "ஆட்டம் இருக்கு" என்பாள். ஆடாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அம்மாவிடம் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு அந்த ஒன்றும் சொல்லாததுதான்.

லாரிகள் நிற்கும் தெருவில் ஒரு கருவிக் கடை. குறுகலானது, உள்ளே போகப் போக இருட்டு. சுவர் முழுக்க இரும்புத் தட்டுகள். நட்டைக் கழற்றவும் முடுக்கவும் மாட்டுகிற சாக்கெட்டுகள், சிறியதிலிருந்து பெரியதாக அவற்றில் உட்கார்ந்திருக்கும். பில் போடுவதற்காக அம்மா அங்கே சேர்ந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை போட்ட ஸ்டூல். கடைசிவரை அதே ஸ்டூல்தான். வேலை மட்டும் மாறியது.

அதை மாற்றியவர் ஒரு டயர்க் கடைக்காரர். ஒருநாள் கன்னத்தில் பிளாஸ்திரியுடன் வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தார். உள்ளே பளபளவென்று மூன்று துண்டுகள். கையால் திருப்புவதற்காகச் செய்த சாக்கெட்டை, சுற்றிக்கொண்டே சுத்தியல் மாதிரி அடிக்கும் இம்பாக்ட் கன்னில் மாட்டியிருக்கிறார். அது வெடித்து, நான்காவது துண்டு கன்னத்துக்குள் போய்விட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை.

"இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க," என்றார்.

அம்மா கொடுக்கவில்லை. கன்னுக்கென்று செய்த கறுப்பு சாக்கெட்டை எடுத்து வைத்தாள். "பாக்க நல்லாவே இல்லையே" என்றாராம். "கண்ணு நல்லா இருந்தாதானே பாக்கறதுக்கு" என்றாளாம் அம்மா.

அன்றிலிருந்து யார் சாக்கெட் கேட்டாலும் அம்மா கேள்வி கேட்டாள். கையா, கன்னா? கன்னுன்னா அரை இன்ச்சா, முக்காலா? நட்டுக்கு வெளிய போல்ட் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு? வேலை கீழயா, மேலயா?

கன் என்றால் கறுப்பு. கன்னின் சதுர முனை எந்த அளவோ, அதே அளவுத் துளை. போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் ஆழமான சாக்கெட். உயரத்தில் வேலை என்றால், சாக்கெட் கழன்று விழாமல் பிடிக்கும் பின்னும் ரப்பர் வளையமும் புதிதாக. உள்ளே ஆறு மூலை உள்ளதைத்தான் கொடுப்பாள். பன்னிரண்டு மூலை சட்டென்று மாட்டும், ஆனால் கன் அடிக்க அடிக்க நட்டின் முனைகளைத் தின்றுவிடும். கடைசியாக, மேஜையில் இருக்கும் மாதிரி நட்டில் மாட்டி ஆட்டிப் பார்ப்பாள். பிறகுதான் பில்.

"சாக்கெட் கேட்டா சாட்சிக் கூண்டுல ஏத்துறீங்களே அக்கா," என்பார்கள்.

"வேலை முடிஞ்சு பத்து வெரலோட வந்து திட்டு. கேட்டுக்கறேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, நீ விக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?"

கேள்வி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

நான் உலோகவியல் படித்தேன். சோதனைக்கூடத்தில் வேலை. இரும்பை இழுத்து, முறுக்கி, அடித்து உடைத்து, எங்கே உடைந்தது என்று எழுதிக் கொடுப்பேன். பளபளப்பு சாக்கெட் ஏன் வெடிக்கிறது என்று ஒருமுறை அம்மாவுக்குச் சொன்னேன். அது கடினமான எஃகு, விட்டுக்கொடுக்காது, அடி வாங்கி வாங்கி ஒருநாள் சிதறிவிடும். கறுப்பு கொஞ்சம் மெத்தென்றிருக்கும், சுவரும் தடிப்பு, அடியை உள்வாங்கும், தேய்ந்துதான் சாகும்.

"அப்ப பளபளப்பு ரோஷக்காரன்னு சொல்லு."

"அதைத்தாம்மா சொல்றேன்."

"அதுக்கு எதுக்கு நாலு வருஷம் காலேஜு," என்று சிரித்தாள். ஆனால் மறுநாளே கடையில் என் விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததாக முதலாளி சொன்னார். "என் பொண்ணு உடைச்சுப் பாத்திருக்கா" என்று முன்னுரையோடு.

கல்யாணம் செய்துகொள்ள நினைத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோதும் கேள்விகள்தான். என்ன வேலை, எவ்வளவு தூரம், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு. பாவம், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி பதில் சொன்னார். அவர் போன பிறகு அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஆளுகிட்ட ஆட்டம் இல்ல." எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்டேன். "ரெண்டுலயுந்தான்."

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும், படுக்கையின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். "ஆட்டம் இருக்கு." நான் மறுநாள் ஸ்பானர் கொண்டுபோய் நட்டை முடுக்கினேன். நர்ஸ் முறைத்தார். அதற்குப் பிறகு கம்பி ஆடவில்லை. அம்மா இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்து, அம்மாவின் பொருட்களை எடுத்துக்கொள்ளக் கடைக்குப் போனேன். கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்வெட்டர். முதலாளி ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அப்போதுதான் ஏணி மாமா வந்தார்.

இரும்புத் தூண்களை நிறுத்தி உத்தரங்களை போல்ட் போட்டு இணைக்கும் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. நெட்டையானவர், அதனால் ஏணி. அம்மாவை அக்கா என்பார். எனக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பா. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அம்மாவுக்கு போன் செய்து ஒரே வார்த்தை சொல்வார்: "எறங்கிட்டோம்." அம்மா "சரி, போய் சாப்பிடுங்க" என்று வைத்துவிடுவாள்.

"அக்கா எனக்கு ஒரு பொட்டலம் கட்டி வச்சிருப்பாங்க பாப்பா. நாளைக்கு மேல ஏறணும்."

பின்பக்கத் தட்டில் இருந்தது. தடித்த காகிதம், வெள்ளை நூல், மேலே சாக்பீஸில் ஏணி என்று அம்மாவின் எழுத்து. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் கட்டியது. அம்மாவின் கை கடைசியாகக் கட்டிய பொட்டலம். கனமாக இருந்தது.

கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுக்கத்தான் கை நீட்டினேன். ஆனால் உட்கார்ந்திருந்தது அந்த ஸ்டூலில்.

"எந்த கன் மாமா?"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"அதெல்லாம் அக்கா கேட்டாச்சு பாப்பா."

"நான் கேக்கலையே."

அவர் தலையைச் சொறிந்தார். "பழைய அரை இன்ச்சு மூச்சு வாங்குது. போன மாசம் புதுசு வாங்குனோம். முக்கால்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்ககிட்ட கன்னைப் பத்தியா பேசறது?"

"அதைத்தான் பேசியிருக்கணும் மாமா. சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்ள இருக்கறது அரை இன்ச்சு சாக்கெட்டா இருக்கும்," என்றேன். "முக்கால் கன்னுல மாட்டாது."

"அடாப்டர் போட்டுக்கறேன். அக்கா கட்டுனது பாப்பா. அதைப் போய் பிரிச்சுக்கிட்டு…"

அடாப்டர் என்பது முக்கால் முனையை அரையாகக் குறைக்கும் சிறிய துண்டு. பெரிய கன்னின் முழு அடியும் அந்த அரை இன்ச் கழுத்தில் இறங்கும். அப்படிப்பட்டவற்றை நான் உடைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே இடத்தில்தான் உடைந்தன. சோதனைக்கூடத்தில் அவை கம்பிவலைக்குள் விழும். அவருடைய வேலையில், கீழே ஆட்கள்.

எனக்கும் பிரிக்க மனமில்லை. அம்மா கட்டியதை வெட்ட வேண்டும். கத்தரிக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளிதான் சொன்னார். "கத்தரி வேண்டாம்மா. அந்த வாலைப் பிடிச்சு இழு."

முடிச்சிலிருந்து நூலின் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். முழுவதும் அவிழ்ந்து மேஜையில் விழுந்தது.

"எப்பவும் அப்படித்தான் கட்டும்," என்றார். "வாங்கறவன் ஏணி மேல நின்னுக்கிட்டு கத்தியத் தேடுவானான்னு கேக்கும்."

உள்ளே அரை இன்ச் சாக்கெட்டுகள். எல்லாம் கறுப்பு, ஆறு மூலை, ஆழமானவை, புதுப் பின், புது வளையம். அவர் சொல்லியிருந்த வேலைக்கு ஒன்றுகூடத் தவறில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அதனதன் இடத்தில் வைத்தேன். பக்கத்துத் தட்டிலிருந்து அதே நட்டு அளவுகளை முக்கால் இன்ச்சில் எடுத்தேன். மாதிரி நட்டில் மாட்டி ஆட்டிப் பார்த்தேன். ஒன்று லேசாக ஆடியது. திரும்ப வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன்.

"போல்ட் எவ்வளவு நீட்டும்?"

"நீட்டும், நீட்டும். ஆழமானதே குடு தாயே." கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "அக்காவாவது நாலு கேள்வியோட நிறுத்துவாங்க."

"பரம்பரை வியாதி," என்றார் முதலாளி.

அதே காகிதம், அதே நூல். என் முடிச்சு அழகாக வரவில்லை. வால் மட்டும் விட்டேன். ஏணி மாமா அதை இழுத்துப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொள்வது போல அணைத்து எடுத்துப் போனார்.

அம்மாவின் போனை அணைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் சோதனைக்கூடத்தில் என் பைக்குள் அது அடித்தது. திரையில் ஏணி.

"அக்கா, எறங்கிட்டோம்," என்றார். பின்னால் யாரோ இரும்பை இழுத்துப் போட்டார்கள்.

"பாப்பாவா?"

"ஆமா மாமா."

"பழக்க தோஷத்துல…" என்றார். "எல்லாரும் எறங்கிட்டோம் பாப்பா."

"சரி மாமா," என்றேன். "போய் சாப்பிடுங்க."