லயம் முழுக்கக் கேட்ட வாக்கியம்

செல்வந்தராவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் என் அலமாரியில் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டாவதை மருமகன் எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. கேட்கவும் கூச்சம், விடவும் மனமில்லை. மிச்சமுள்ள எல்லாவற்றையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் புத்தகத்தில் இருப்பதைத்தான் மற்ற பத்தும் வேறு அட்டைக்குள் வைத்துச் சொல்கின்றன. அந்த முதல் புத்தகம்தான் எனக்கு வீடு வாங்கிக் கொடுத்தது என்று நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பெருமையடித்து வந்திருக்கிறேன். பெருமையில் மாற்றமில்லை. கணக்கில் மட்டும் ஒரு திருத்தம் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு சீனரின் இரும்புக்கடையில் கணக்கெழுதும் வேலை. குடியிருப்பு ஊருக்கு வெளியே, பெற்றோருடன், ரப்பர்த் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதுவும் கூரை வரை போகாது. மேலே விட்ட இடைவெளியில் கருவாட்டு வாசனையும் குடும்பச் சண்டையும் தாராளமாக வந்து போகும்.

கடையில் முதலாளி என்னை "ஓய்" என்று கூப்பிடுவார். பேருந்து நிலையத்துப் புத்தகக்கடையில் வாங்கிய அந்தத் தமிழ்ப் புத்தகமோ முதல் வரியிலேயே என்னை "நீங்கள்" என்றது. நானும் செல்வந்தனாகக்கூடிய ஆள்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே பேசியது. அதுவரை யாரும் அப்படி என்னிடம் பேசியதில்லை. இந்த வகைப் புத்தகங்கள் இன்றும் விற்றுத் தீர்வதற்கு அந்த மரியாதைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேண்டியதை ஓர் அட்டையில் எழுதித் தினமும் காலையில் உரக்கப் படிக்கச் சொல்லியிருந்தது. "முப்பது வயதுக்குள் ஈப்போவில் எனக்குச் சொந்தமாக ஒரு கல்வீடு இருக்கும்" என்று எழுதினேன். உரக்க என்றால் எனக்கு உரக்கத்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எழுந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பால் வெட்டும் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, யாருகிட்ட பேசிட்டு இருக்க?"

"யாருமில்லக்கா, சும்மா படிக்கிறேன்."

"தனியா பேசறவங்கள எங்க கொண்டுபோயி விடுவாங்கன்னு தெரியும்லா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏழு மணிக்கு பஸ் இருக்கு."

மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னதும் எட்டு வீடும் சிரித்தது. "கல்வீட்டுல எனக்கும் ஒரு ரூம் வைடா மச்சான்!" என்று கோடி வீட்டுக்காரர் கத்தினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

புத்தகத்தை எழுதியவர் லயத்தில் குடியிருந்ததில்லை என்பது புரிந்தது. வெட்கத்தில் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பலகை தட்டப்பட்டது.

"இன்னைக்கும் வீடு இல்லியா தம்பி? நீ படிச்சாத்தான் எனக்கு நேரம் தெரியுது லா. நேத்து லேட்டாப் போயி, வேல வாங்குற தண்டல்கிட்ட ஏச்சு வாங்கினேன்."

அதற்குப் பிறகு ஒரு நாளும் நிறுத்தவில்லை.

இரண்டு வருடத்தில் வங்கிக் கணக்கில் இரண்டாயிரத்து நானூறு வெள்ளி சேர்ந்தது. வீட்டு முன்பணத்துக்கு இன்னும் அறுநூறு வேண்டும். அந்தச் சமயத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம், பள்ளித் தோழன் ஒருவன் வந்தான். சத்து மாத்திரை விற்கும் திட்டமாம். பணம் போட்டு ஆள் சேர்த்தால் ஆறே மாதத்தில் இரட்டிப்பாகுமாம். அவன் கையிலும் அதே புத்தகம். துணிந்து இறங்கச் சொல்லும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். என் பிரதியில் நானே கோடு போட்டு வைத்திருந்த பக்கம் அது! சரி, நாளைக்கே பணத்தை எடுத்துத் தருகிறேன் என்றேன்.

பலகை தடதடவென்று அதிர்ந்தது.

"ஏன் தம்பி, ரெண்டு வருஷமா கல்வீடுன்னுதானே படிக்கிற? இதுல மாத்திரை எப்ப வந்துச்சு? எங்களுக்குக் கேக்காம படிச்சியா?"

கோடி வீட்டிலிருந்தும் குரல் வந்தது. "மச்சான், என் ரூம வித்துட்டியாடா?"

தோழன் கூரையை அண்ணாந்து பார்த்தான். கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். வருடம் முடிவதற்குள் அந்தத் திட்டமும் அவன் போட்ட பணமும் காணாமல் போயின. எங்கள் இருவரிடமும் இருந்தது ஒரே புத்தகம். அவன் வீட்டில் பலகைச் சுவர் இல்லை.

இருபத்தொன்பதாவது வயதில், கெடுவுக்கு ஒரு வருடம் மிச்சமிருக்க, ஈப்போவில் வீடு வாங்கினேன். தரைவீடுதான், மூன்று அறை. வங்கிக்காரர் என் மன உறுதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சம்பளச் சீட்டைத்தான் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு தேடிப் பார்த்தேன்: பதினொரு புத்தகங்களிலும் சம்பளச் சீட்டு என்ற சொல் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்றால், அந்த வாக்கியத்தை என்னைவிடத் திருத்தமாகச் சொல்லக்கூடிய அக்காவுக்கும் வீடு கிடைத்திருக்க வேண்டும். வெட்டிய பாலுக்குக் கூலி வாங்குகிறவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. தோட்டத்தை விற்றபோது அவர் வாடகை அடுக்குமாடிக்குக் குடிபோனார்.

போன மாதம் அக்காவின் மகள் கட்டிய வீட்டுக்குப் புகுவிழா. எங்கள் தோட்டம் இருந்த பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் தாமான் குடியிருப்பில் வீடு. நான் சீக்கிரமே போய்ச் சுற்றிப் பார்த்தேன். மின்விசிறி ஐந்து. முன்கேட்டின் தாழ்ப்பாள் மெல்லியது. அதை மாற்றச் சொன்னேன். முதல் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி அக்காவிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு தம்பி இது? எழுத்தா தெரியும்? அந்தக் கல்வீட்டு வரிதான் மனப்பாடமா இருக்கே."

அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மகள் சிரித்தார். "மாமா, சின்னப் பிள்ளையிலேருந்து அதச் சொல்லித்தான் அம்மா என்னை எழுப்புவாங்க. எனக்கு முப்பது வயசுக்குள்ளன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் நாப்பதாச்சு, அம்பதாச்சு."

"சும்மா சொல்லல லா," என்றார் அக்கா. "பேங்குல உங்கிட்ட சீட்டு கேட்டாங்கன்னு சொன்னியே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சீட்டு குடுக்கிற வேலைக்குத்தான் இவள அனுப்பணும்னு."

பிறகு எழுந்து போய்க் கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இவளுக்கு இப்ப நாப்பத்தெட்டு. நீ ஒரு வருஷந்தானே தம்பி மிச்சம் வச்ச? எம் மக ரெண்டு வருஷம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.