சருகு மூடிய பள்ளம்

போன வருடம் காணும் பொங்கல் அன்று, செய்யூரைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் என் நாத்தனார் ஊரில் நடந்தது இது.

நாங்கள் செங்கல்பட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செல்போன், அதில் சார்ஜ் தீர்ந்தால் டி.வி. கண் டாக்டர் கண்ணாடியின் பவரை ஏற்றி எழுதிவிட்டு, "வெயில்ல கொஞ்சம் விளையாட விடுங்கம்மா" என்றார். எங்கே விடுவது? கீழே இறங்கினால் காரும் பைக்கும்தான் நிற்கின்றன. அதனால் லீவு கிடைத்தால் போதும், அவளை இழுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

அன்றைக்கு ஊரே மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பியது. மகளும் போக வேண்டும் என்று அடம் பிடித்தாள். "அந்தக் கும்பல்ல புள்ள கடல்ல போனாகூடத் தெரியாது. தோப்புல ஆடட்டும், அங்க இன்னா பயம்?" என்று என் கணவர் சொல்லிவிட்டு, தன் மச்சானோடு கறி வாங்கப் போய்விட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கடலுக்குப் பயந்து பிள்ளையைத் தோப்புக்கு அனுப்பினோம்.

வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. கன்று நட்ட புதிதில் குடத்தில் மொண்டு ஊற்றுவதற்காகத் தோப்புக்குள்ளேயே அங்கங்கே மணலில் அகலமாகப் பள்ளம் தோண்டுவார்கள். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். மரம் வேர் பிடித்த பிறகு அந்தப் பள்ளத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலம் முடிந்த கையோடு அது நிரம்பி நிற்கும். மேலே சருகு உதிர்ந்து மிதக்கும். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். இதெல்லாம் எனக்கு அன்று மத்தியானத்துக்கு அப்புறம்தான் தெரியும்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் தோப்பில் ஐஸ்பாய் ஆடினால் யாரும் தனியாக ஒளியக் கூடாது, ஜோடி போட்டுத்தான் ஒளிய வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். என் மகளுக்கு ஜோடி, பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பெண். அந்தச் சின்னது கிளுகிளுவென்று சிரித்துக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் மகளுக்குத் தோற்றால் ஆகாது. மூன்றாவது ஆட்டத்தில் அதைக் கழற்றிவிட்டு, தனியாக உள்ளே ஓடிவிட்டாள்.

நாங்கள் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டே வந்து, "அவ என்ன வுட்டுட்டுத் தனியா பூட்டா" என்றது. பிள்ளைகள் சண்டைதானே என்று நான் சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துத்தான் நானும் பின்னால் ஓடினேன்.

தோப்பு முழுக்க மகள் பெயரைச் சொல்லிக் கத்தினோம். பதில் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது நாத்தனார் மகன். பன்னிரண்டு வயது அவனுக்கு. "அத்த, இங்க கீறா" என்று அவன் போட்ட சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

கழுத்து வரை தண்ணீரில் நின்றாள். தலையெல்லாம் சருகு. ஒரு கையால் சவுக்கு வேர் ஒன்றைப் பிடித்திருந்தாள். அழவில்லை, வாய் மட்டும் அசைந்தது. ஏற முயன்று முயன்று, கரை மணல் சரிந்து, இன்னொரு கையோடு இடுப்பு வரை புதைந்திருந்தாள். நான் பாய்ந்து போய்க் கை நீட்டினேன். என் காலடியில் கரை உடைந்து இன்னும் ஒரு கூடை மணல் அவள் மேல் விழுந்தது. தண்ணீர் மோவாயைத் தொட்டது.

"அண்ணி, கிட்ட போவாதீங்க. மண்ணு பூரா அவ மேலதான் வுழுது" என்று நாத்தனார் என்னைப் பின்னால் இழுத்தாள்.

பெற்றவள் பக்கத்தில் போனால் பிள்ளை செத்துப்போகும் என்ற நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது. பொங்கலுக்கு எடுத்த புதுப் புடவையை அவிழ்த்து வீசினேன். பாவாடையோடு நிற்கிறோம், யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் உறைக்கவில்லை. புடவை முனை அவள் முகத்துக்கு நேராகவே விழுந்தது. ஆனால் அவள் வேரை விட மாட்டேன் என்கிறாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாமி பெயரெல்லாம் சொன்னேன். அந்த வேரைத் தவிர அவளுக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. என் மேலும் இல்லை.

நாத்தனார் மகன் புடவையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். புல் முளைத்துக் கெட்டியாக இருந்த எதிர்ப்பக்கம் போய், வயிற்றால் ஊர்ந்து இறங்கினான். அவன் அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. புடவையை ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என் மகளின் அக்குளுக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டு, "இழு" என்றான். நாங்கள் இரண்டு பேரும், கூட இருந்த வாண்டுகளும் இழுத்தோம். மேலே வந்ததும் அவள் மணலும் தண்ணீருமாக வாந்தி எடுத்தாள். வேர் பிடித்திருந்த கையில் தோல் உரிந்திருந்தது. இறுக்கி மூடியபடியே இருந்த அந்தக் கையை ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் மெல்லப் பிரித்தார்.

உயிர் பிழைத்தாள். ஆனால் விளையாட்டு போய்விட்டது. "இனிமே வாசப்படி தாண்டக் கூடாது" என்று கணவர் சொன்னார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அவளே தாண்டவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில்கூட சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். வீட்டில் செல்போனோடு மூலையில் கிடப்பாள். நானும் எதுவும் சொல்வதில்லை. கண் முன்னால் இருக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன். வீடு அப்படியே செத்துக் கிடந்தது.

ஒரு நாள் நாத்தனார் போன் செய்தபோது பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவள் மகன் தோப்பில் ஆடிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு நடந்தும் எப்படி விடுகிறாய் என்று கத்திவிட்டேன்.

அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "தோப்புக்காரரு இதோ அதோன்னாரு. நாங்களே நாலு வூட்டுக்காரங்க மம்மட்டி எடுத்துக்கினு போயி எல்லாப் பள்ளத்தையும் மண்ணப் போட்டு தூத்துட்டோம் அண்ணி. பசங்கள வூட்ல பூட்டி வெச்சிருந்தா, அது இன்னும் தொறந்துதான கெடக்கும்."

அந்தப் பள்ளம் என்ன ஆயிற்று என்று அத்தனை மாதத்தில் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியதோடு என் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டேன். மற்றவர்கள் பிள்ளைகள் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப் போகிறேன். அவள் இன்னும் ஓடுவதில்லை. நாலு அடி போய் நின்று, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்கிறாள். அவளை இறக்கிவிடுவதற்கு முன்னால் அந்த இடம் முழுக்க நான் ஒரு தடவை நடந்து வருகிறேன். வாக்கிங் போகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். "வெளியே போய் விளையாடு" என்று சொல்கிற வாய்க்கு, அந்த மண்ணை முதலில் மிதித்துப் பார்க்கிற காலும் வேண்டும் என்று எனக்குத் தெரிவதற்குள், என் குழந்தை கழுத்து வரை தண்ணீரில் நின்றுவிட்டாள்.