ஒற்றைச் செருப்போடு வந்த தலைவர்

மலேசியாவில் லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணேசமூர்த்தியைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் நேற்றுத்தான் குடி வந்திருக்க வேண்டும். அப்படி வந்தவர்களையும் அவரே வீடு தேடிப் போய்ப் பார்த்து, தான் யார் என்று சொல்லிவிட்டு வருவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கி, பிறகு குலை வெட்டி, அப்புறம் குலை ஏற்றும் லோரி ஓட்டி, கடைசியில் அந்த லோரியையே வாங்கியவர். இதில் பொய் எதுவும் இல்லை. முதுகு வளைய உழைத்துத்தான் மேலே வந்தார். ஆனால் உழைத்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அறுபத்து நான்கு வயதுவரை அதை நம்பிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். எதிர்த்து யாரும் நின்றதில்லை. நிற்கலாமா என்று ஒருவர் யோசிப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிடுவார். பேசி முடிப்பதற்குள் கூட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்த வருடம் மோகனா நின்றாள். சிரம்பான் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்ப்பவள், கோயில் செயலாளர். செயற்குழுவில் எழுந்து, "பேராக்குல ஒரு பெரிய குகை இருக்குண்ணே. பள்ளி லீவுல ஒரு பஸ் பிடிச்சி நம்ம புள்ளைங்களக் கூட்டிட்டுப் போவலாம். உள்ளயே ஆறு ஓடுது, கல்லெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

குகை என்றதுமே கணேசமூர்த்தி கேட்பதை நிறுத்திவிட்டார். பதில் தயாராகிவிட்டால் அவர் எப்போதும் அப்படித்தான்.

"பஸ்ஸா? எதுக்கு பஸ்ஸு? ஒரு குகையப் பாத்துட்டு வர்றதுக்கு பஸ்ஸு வேணுமாலா? நான் ஒண்டியாப் போறேன். ரயிலு, பஸ்ஸு, மிச்சத்துக்கு என் காலு. அம்பது வெள்ளி தாண்டாது. சாப்பாட்டுச் செலவு அறவே கிடையாது."

"அண்ணே, அது..."

"பேசி முடிச்சிர்றேன், இரும்மா. ஞாயித்துக்கிழம மகாசபைக் கூட்டத்துல அத்தன பேரு நெத்திக்கும் குகை விபூதி, என் கையால. இல்லைன்னா இந்த நாக்காலிய நீயே எடுத்துக்க."

"அங்க விபூதி..."

"குகையப் பத்தி எனக்கே சொல்றியா?"

மோகனா உட்கார்ந்தாள். குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள்.

கணேசமூர்த்தியின் கணக்கு நேரானது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பார்த்த ஒரே குகை பத்துமலை. தைப்பூசத்துக்குத் தோட்டமே லோரியில் ஏறிப் போகும். ஆகவே குகை என்றால் முருகன். முருகன் என்றால் அன்னதானம். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவர் வேட்டி கட்டி, ஒரு தேங்காயையும் கற்பூரத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு நின்றபோது, மனைவி ராக்கம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"நாலு இட்லி கட்டித் தரட்டுமாங்க?"

"அன்னதானம் போடற எடத்துக்கு எவனாச்சும் இட்லி கட்டிட்டுப் போவானா? அறிவிருக்கா?"

"இல்லாமப் போச்சுன்னா?"

"முருகன் இருக்கான்ல, போதும் போ."

லாபுவில் முதல் கொமுட்டர் ரயில். முதியோர் என்று அரைக் கட்டணம். வேறு எங்கேயாவது அவரை யாரும் கிழவர் என்று சொன்னால் சண்டைக்குப் போவார். டிக்கெட் முகப்பில் மட்டும் தானே சொல்லிக்கொள்வார். கோலாலம்பூரில் பஸ் மாறினார். பஸ் நின்ற இடத்தில் எல்லோரும் இறங்கி ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். அவர் பைப்புத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு, காசைக் கரியாக்கும் ஜனங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் ஒரு காய்கறி லோரியைக் கைகாட்டி நிறுத்தி, லோரிக்காரனுக்கு லோரி ஓட்டுவதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே மலையடிவாரத்தில் போய் இறங்கினார். அவன் காசு கேட்கவில்லை. இறக்கிவிட்டால் போதும் என்று இருந்திருக்கும்.

அடிவாரத்தில் செருப்புக் குவியல் எதுவும் இல்லை. இன்று கூட்டம் கம்மி, தரிசனம் சீக்கிரம் கிடைக்கும் என்று மகிழ்ந்தார். இருந்தாலும் கணேசமூர்த்தி ஏமாறுகிற ஆள் இல்லை. ஒரு தைப்பூசத்தில் புதுச் செருப்பைப் பறிகொடுத்ததிலிருந்து, எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றதை வேறொரு மூலையிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் எடுக்கமாட்டான். இங்கேயும் நீல நிறச் செருப்பில் இடதை மரத்தடியிலும் வலதைக் கார் நிறுத்துமிடத்துக் கோடியிலும் வைத்துவிட்டு, வெறுங்காலோடு டிக்கெட் முகப்புக்கு வந்தார்.

அங்கே இருந்த மலாய்க்கார அம்மா, இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று குறுகியது, இன்னொன்று நீளமானது. நீள வழிக்கு ஆறு கல்லூரிப் பெண்கள் காத்திருக்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது, அவர் சேர்ந்துகொண்டால் குறுகிய வழிக்கான கட்டணமே போதும். சின்ன அர்ச்சனைக் காசுக்குப் பெரிய அர்ச்சனை! கணேசமூர்த்தி மறு பேச்சுப் பேசாமல் காசை நீட்டினார்.

வழிகாட்டி ஒரு தமிழ்ப்பெண், பெயர் புனிதா. முப்பது வயதிருக்கும். எல்லோருக்கும் விளக்கு வைத்த ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, அவர் காலைப் பார்த்தாள்.

"அங்கிள், சப்பாத்து எங்க?"

"விட்டுட்டு வந்துட்டேம்மா."

"வாடகைக்கு இருக்கு அங்கிள். கல்லு கிழிச்சிரும்."

வாடகை என்ற சொல் அவருக்குக் கல்லைவிடக் கூர்மையாகக் குத்தியது.

"இது எத்தன காவடிக்கு நடந்த காலு தெரியுமா?"

"உங்க இஷ்டம். அப்புறம் என்னச் சொல்லக்கூடாது."

முதலில் படிகள். பிறகு படி இல்லை. பிறகு தரையும் இல்லை, தண்ணீர்தான். முழங்கால் அளவில் தொடங்கிய ஆறு இடுப்புக்கு ஏறியது. கூரை ஓர் இடத்தில் தலைக்குமேல் தாழ்ந்து வந்து, குப்புறப் படுத்து ஊர்ந்தால்தான் போகலாம் என்றது. பதினொரு வருடமாக யாருக்கும் தலை குனியாத தலைவர் வெள்ளைச் சேற்றில் வயிறு உரச ஊர்ந்தார். கழுத்தில் மாட்டிய பையிலிருந்த தேங்காய் கல்லுக்குக் கல் இடித்துக் கேள்வி கேட்டது. பெண்கள், "அங்கிள், ஓகேவா?" என்று கேட்கக் கேட்க அவர் மனதுக்குள், 'பலே முருகா, பக்தனைச் சோதிக்கிறாய்' என்று சொல்லிக்கொண்டார்.

அதைத் தாண்டியதும் ஒரு மண்டபம். மனிதன் கட்டாதது. தோட்டத்து எண்ணெய் ஆலையையே உள்ளே தூக்கி வைத்தாலும் மேலே இடம் மிச்சமிருக்கும். கல் திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"எல்லாரும் லைட்ட அணைங்க," என்றாள் புனிதா.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கும் இருட்டு. கணேசமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. திரை விலகப்போகிறது, தீபாராதனை. கைகளைத் தலைக்குமேல் கூப்பி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார்.

"வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!"

அரோகரா என்றது இடதுபக்கப் பாறை. வலதுபக்கப் பாறையும் சொன்னது. உச்சியிலிருந்து, ஆற்றுக்கு அடியிலிருந்து, நாலாபுறமிருந்தும் வந்தது. அவர் தலைமையில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் திருப்பிச் சொன்ன முதல் கூட்டம் அதுதான். பிறகு ஆறு பெண்களும் சிரித்தார்கள். பாறைகளும் சேர்ந்து சிரித்தன.

விளக்குகள் எரிந்தன. எதிரே வெறும் கல்.

"சன்னதி எந்தப் பக்கம்மா?"

"எந்தச் சன்னதி அங்கிள்?"

"முருகன் சன்னதி."

புனிதா அவரையும் தேங்காயையும் வெறுங்காலையும் வரிசையாகப் பார்த்தாள். "ஐயோ அங்கிள், இங்க கோயிலே இல்ல. இது வெறும் குகை. அதுவா உண்டானதுலா."

கணேசமூர்த்தி தலை விளக்கைத் திருப்பித் திருப்பி மண்டபத்தை மூலை மூலையாகத் தேடினார்.

"அப்ப... அன்னதானம்?"

"கீழ கன்டின் இருக்கு. நாசி லெமாக் நல்லாருக்கும்."

திரும்பி வெளியே வந்தபோது உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. மரத்தடிச் செருப்பு இருந்தது. கார் நிறுத்துமிடத்துச் செருப்பைக் காணோம். கூட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டால், ஒற்றையாய்க் கிடந்தது, குப்பை என்று போட்டுவிட்டேன், லோரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார். திருடனை ஏமாற்றலாம், கூட்டுகிறவரை ஏமாற்ற முடியாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, சாலைக் கல்லில் அர்ச்சனைத் தேங்காயை உடைத்து, ஓடு தெரியும்வரை சுரண்டித் தின்றுவிட்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் ராக்கம்மா காய்ந்த வேட்டியை உதறினாள். பொலபொலவென்று வெள்ளைத் தூள் கொட்டியது. கணேசமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்தார். நாளைக்குக் கூட்டம். தூள் வெள்ளையாக இருக்கிறது. குகையிலிருந்து வந்திருக்கிறது. ஒரு செய்தித்தாளை எடுத்து விரித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"குகை விபூதி."

"வேட்டியிலருந்து உதுந்ததுங்க அது."

"எங்கருந்து உதுந்தா என்ன? எங்கருந்து வந்ததுன்னு பாரு."

ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரத்தையும் நுணுக்கிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் நொண்டிக்கொண்டே வரிசை வரிசையாகப் போய் விபூதி கொடுத்தார். மக்கள் கண்ணை மூடிப் பூசிக்கொண்டார்கள். ராக்கம்மா மட்டும் வாங்கி, பூசாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். மோகனா விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

துணைத் தலைவர் ஹேமநாதன் திடீரென்று கத்தினார். "ஐயா, தலைவர் காலப் பாருங்க! ரத்தம்! வெறுங்காலோட நடந்திருக்காருய்யா!"

கூட்டம் உருகிப்போனது. இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் தேர்தலுக்குக் கை தூக்கச் சொன்னதும் மோகனா பக்கம் ஒன்பது கைகள், மற்றதெல்லாம் கணேசமூர்த்திக்கு. நாற்காலி தப்பித்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தி நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினார்.

ஹேமநாதன் விடவில்லை. "அப்பேர்ப்பட்ட தலத்துக்கு நாமளும் போவணும். மொத்தத் தோட்டமும்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மோகனா எழுந்தாள்.

"நல்ல யோசன. பஸ் நான் பாத்துக்கறேன். தலைவரே, அன்னதானம் எப்டி, நல்லா இருந்திச்சா?"

"இருந்திச்சு."

"அப்ப யாரும் சாப்பாடு கட்ட வேணாம். பால்குடம் எடுக்கறவங்க பேரக் குடுங்க. முன்னால வழிகாட்டி நடக்கறது தலைவர்."

நாற்பத்து நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மோகனா எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துக்காகக் குறிப்புப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்துக் குனிந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"போன வருசம் நானும் என் மகளும் போயிருந்தோம்ணே. எங்க கண்ணுக்குச் சன்னதி தெம்படல. நீங்க காட்டுங்க."

இத்தனை கைதட்டலுக்கு நடுவில் பேனாவை எப்படி வைப்பது? கணேசமூர்த்தி கையெழுத்துப் போட்டார். வழக்கமாக அரைப் பக்கம் எடுக்கும் கையெழுத்து, அன்று கோட்டுக்குள் அடங்கியது.

கூட்டம் கலைந்ததும் நொண்டியபடி வாசலுக்கு வந்தார். அவர் செருப்புகள் படியோரத்தில் ஜோடியாக இருந்தன. ஒன்று நீலம், ஒன்று ராக்கம்மாவின் பழைய சிவப்பு. திருடன் பயம் இல்லாததால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சேர்த்து விட்டிருந்தார். மாட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஹேமநாதன் ஓடி வந்தார்.

"தலைவரே, பஸ்ஸு எத்தன மணிக்கு எடுக்கணும்? அபிசேகம் எத்தன மணிக்கு?"